கூலியாள் செய்த வேலை பூஜ்யமா?

"பயாலஜி எப்படியாச்சும் படிச்சிருவேன்க்கா. கெமிஸ்ட்ரி பாதி தேறிரும். பிசிக்ஸ்தான் நமக்கு வராது."

நீட் தேர்வுக்குத் தயாராகும் எங்கள் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்கிறோம். 'எனக்கு வராது' என்று சொன்னால் அது ஒரு மாணவியின் பயம். உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். 'நமக்கு வராது' என்றால், யாரோ சொல்லிக் கொடுத்து, பலமுறை கேட்டு, நம்பிப் போன ஒன்று. அந்த 'நமக்கு' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். இதில் இயற்பியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். இயற்பியலை ஒதுக்கிவிட்டுத் தேர்வறைக்குப் போகிற பிள்ளை, கால்வாசி மதிப்பெண்ணை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. கோச்சிங் போகும் பிள்ளைகளையும் தடுக்கி விழ வைப்பது இந்தப் பாடம்தான். 2025-ஆம் ஆண்டு இயற்பியல் தாளைப் பார்த்து நாடு முழுக்கப் புலம்பினார்கள்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் மறக்கவில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. பலருக்கு ஞாபகம் இல்லாதது இன்னொன்று: இயற்பியலில் அவருக்கு 200-க்கு 200. அதே ஆண்டு நீட் தேர்வில் மொத்தமே 86. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற அந்தத் தங்கையை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அந்த 200 பொய்யா, 86 பொய்யா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடத்தினார்கள். இரண்டு தேர்வும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் தெரிந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டது பழைய தேர்வு. ஒரு நிமிடத்துக்கு ஒரு வினா என்ற வேகம் இருக்கிறதா என்று கேட்கிறது புதியது. இயற்பியலில் 'திறன்' என்ற சொல்லுக்கு ஒரு துல்லியமான பொருள் உண்டு: செய்த வேலையைக் காலத்தால் வகுப்பது. நேரம் குறைந்தால் திறன் கூடும். 'தகுதி, திறமை' பேசுகிறவர்கள் அளப்பதும் ஏறக்குறைய இதைத்தான். வேகத்தை விலைக்கு வாங்கலாம் என்பதால்தான் கோச்சிங் இவ்வளவு பெரிய வியாபாரமாக இருக்கிறது.

சரி, எங்கள் வகுப்புக்கு வருவோம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சமுதாய நலக்கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் உட்காருகிறோம். பிள்ளைகளின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களும் உண்டு. நடத்துகிறவர்களில் பாதிப் பேர் சமூகவியல், சமூகப் பணி படித்தவர்கள். இயற்பியல் எடுப்பவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் எடுக்கும்போது நாங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்போம்.

ஒரு மாலை 'வேலை, ஆற்றல், திறன்' பாடம். கையேடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் அந்தக் கேள்வி வந்தது. தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு ரயில் நிலைய நடைமேடையில் ஒரு கூலியாள் 50 மீட்டர் நடக்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு? விடை: பூஜ்யம். விளக்கம் ஒரே வரி. விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடையாக, கோணம் 90 டிகிரி, கொசைன் 90 என்றால் பூஜ்யம்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்போ எங்கம்மா முப்பது வருசமா கொழுந்து மூட்டை சுமந்தது வேலையே இல்லங்கீயளா சார்?"

வேறு ஒருவராக இருந்தால், 'அது வேற வேலை, இது வேற வேலை, எழுதிக்கோ' என்று தாண்டியிருப்பார். இவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "நீ கேட்டது சரி. கேள்விதான் தப்பு" என்றார். "வேலைன்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளு. எந்த விசை செஞ்ச வேலை? எது மேல செஞ்ச வேலை? இந்த ரெண்டும் சொல்லாம 'கூலியாள் வேலையே செய்யலே'ன்னு எழுதுனவனுக்கு பிசிக்ஸும் சரியாத் தெரியலேன்னு அர்த்தம்."

பிறகு அவர் விளக்கியதை எங்கள் சொற்களில் தருகிறோம். இந்தப் பாடம் புரிந்தால் எந்திரவியலில் பாதி புரிந்துவிடும்.

சீரான வேகத்தில் சமதரையில் நடக்கும்போது, தலை பெட்டியின் மீது கொடுக்கும் மேல்நோக்கிய விசை, பெட்டியின் மீது செய்யும் வேலை பூஜ்யம். இதுதான் முழு வாக்கியம். பெட்டி உயரவும் இல்லை, வேகம் கூடவும் இல்லை. அதன் ஆற்றல் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. நடக்கத் தொடங்கும் கணத்தில் பெட்டியை வேகப்படுத்த ஒரு கிடைவிசை வேண்டும். அது நேர்க்குறி வேலை. நிற்கும்போது வேகத்தைக் குறைக்கும் விசை எதிர்க்குறி வேலை. இரண்டும் சமமாகக் கழிந்துபோகும். இந்த நுணுக்கத்தை வைத்தே நீட் பாணியில் நாலைந்து வினா போடலாம்.

ஆனால் சுமக்கிறவரின் உடலுக்குள் நடப்பது வேறு கணக்கு. தசைநார்கள் விறைப்பாக நிற்பதற்கே இடைவிடாமல் சுருங்கியும் தளர்ந்தும் இயங்க வேண்டும். அதற்குச் சாப்பாட்டிலிருந்து வந்த வேதி ஆற்றல் எரிகிறது, வெப்பமாக வெளியேறுகிறது. வியர்வை அதற்குத்தான். பெட்டியின் கணக்கில் பூஜ்யம் எழுதிய அதே இயற்பியல், சுமந்தவரின் கணக்கில் பூஜ்யம் எழுதச் சொல்லவில்லை. அமைப்பு எது, அதன் எல்லை எது என்று முதலில் குறித்துக்கொள் என்பதுதான் பாடம். கையேடு எழுதியவர் பெட்டியை மட்டும் அமைப்பாக எடுத்துக்கொண்டு, ஆளை அதிலிருந்து விட்டுவிட்டார். இது அவர் தெரிந்து செய்ததா என்பது எங்களுக்கு முக்கியமில்லை. உதாரணத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர் கண்ணுக்குப் பட்டது கூலியாள்தான்.

இந்தச் சொல்லின் வரலாறும் சுவையானது. கூலோம் என்ற பெயரை நிலைமின்னியலில் எல்லோரும் படிக்கிறோம். அதே பிரெஞ்சுக்காரர், ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு சுமை ஏற்ற முடியும், எப்போது களைத்துப்போவான் என்று 1790-களின் கடைசியில் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க, அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் குதிரைத்திறன், இன்றைய கணக்கில் 746 வாட். 1829-இல் கொரியோலிஸ் எந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் 'வேலை' என்ற சொல்லுக்கு இன்று நாம் படிக்கும் பொருளை நிலைநிறுத்தினார். ஆக, இயற்பியலின் 'வேலை' வானத்திலிருந்து விழவில்லை. மனிதனையும் மாட்டையும் குதிரையையும் எந்திரத்தால் மாற்றினால் என்ன லாபம் என்று கணக்குப் பார்த்த இடத்திலிருந்து வந்தது. எந்திரத்தை அளக்க அது அருமையான அளவுகோல். கூலியை அளக்க உதவாது.

ஏன் உதவாது என்பதையும் அன்றே போட்டுப் பார்த்தோம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 20 கிலோ கொழுந்து மூட்டையோடு 100 மீட்டர் உயரம் ஏறுகிறார். 70 பெருக்கல் 9.8 பெருக்கல் 100. மொத்தம் 68,600 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அவர் ஏறியது 0.02 யூனிட்கூட இல்லை. நன்றாக உழைக்கும் ஒரு மனிதர் நாள் முழுக்கச் சராசரியாக 75 வாட் அளவில் வேலை செய்ய முடியும் என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஜூல் கணக்கில் கூலி கொடுத்தால் ஒரு நாள் உழைப்புக்குச் சில ரூபாய்தான். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கில் தப்பில்லை. "அப்போ கூலிய யாரு சார் முடிவு பண்ணுதாவ?" என்று கேட்டான் ஒருவன். "அது என் பாடம் இல்ல, இவங்க பாடம்" என்று எங்களைக் கைகாட்டிவிட்டார் ஆசிரியர்.

எங்கள் பாடத்தை நாங்கள் கொக்கிரகுளத்தில் வைத்து எடுத்தோம். மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டதில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேரைத் தாமிரபரணியில் பறிகொடுத்தோம். அதே கொக்கிரகுளத்தில், ஆற்றை ஒட்டி, மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஊசல், கண்ணாடி, நெம்புகோல் எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கலாம். காலையில் அங்கே, மாலையில் ஆற்றங்கரையில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'உழைக்கும் மக்களுக்கு இயற்பியல் இயல்பாகவே தெரியும்' என்று மேடையில் பேசுகிற தோழர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். நிலைமத்தைச் சாதிக்கு உவமை சொல்லிக் கைதட்டும் வாங்கலாம். ஆனால் மூட்டை சுமந்தவரின் மகளுக்குக் கொசைன் 90 பிறவியிலேயே தெரிந்துவிடாது. அதற்குக் கணக்கு வேண்டும், நேரம் வேண்டும், பொறுமையான ஆசிரியர் வேண்டும், ராத்திரி பத்து மணிக்குப் படிக்க ஓர் ஓரமும் விளக்கும் வேண்டும். நம் ஊரும் நம் உழைப்பும் தருவது ஒரு பிடிமானத்தை. அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது தனி உழைப்பு.

அந்தப் பிடிமானம் நம் பள்ளத்தாக்கில் ஏராளமாக இருக்கிறது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. சிறு பிள்ளையும் மழைக்காலத்தில் அணை மட்டத்தைச் சொல்லும். 143 அடி என்றால் சுமார் 43.6 மீட்டர். அடியில் நீரின் அழுத்தம் என்ன? அடர்த்தி பெருக்கல் ஈர்ப்பு முடுக்கம் பெருக்கல் ஆழம்: 1000 பெருக்கல் 9.8 பெருக்கல் 43.6. ஏறத்தாழ 4.27 லட்சம் பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். மொத்த அழுத்தம் கேட்டால் வளிமண்டலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும், பலர் 4 மதிப்பெண்ணை விடுவது இங்கேதான். இப்போது அணையை எடுத்துவிட்டு அதே உயரத்துக்கு ஒரு மெல்லிய குழாயில் தண்ணீர் நிரப்பினால்? அதே அழுத்தம்தான். நீரின் அளவு அந்தச் சூத்திரத்திலேயே இல்லை, ஆழம் மட்டுமே இருக்கிறது. இதைச் சொன்னதும் நம்பாமல் பார்த்தவர்கள், இரண்டு பாட்டில்களில் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு நம்பினார்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு இந்த ஒரு நிமிட வியப்பு, ஐம்பது மாதிரி வினாக்களை விடப் பெரியது.

அதே அணையில் மின்சாரம். வீட்டு மாடியில் இருக்கும் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் 100 மீட்டர் கீழே விழுந்தால் 9.8 லட்சம் ஜூல். அதாவது 0.27 யூனிட், அதுவும் இழப்பே இல்லாவிட்டால். ஒரு வீட்டுக்கு ஒரு யூனிட் தர நான்கு தொட்டித் தண்ணீர் விழ வேண்டும். பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1940-களில். அந்தச் சமயம் டெல்லியில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக, 1942 முதல் 1946 வரை, நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் சட்டம் மட்டும் படித்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறும்.

வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலைகள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் திறன் எட்டு மடங்கு. ஒரு நொடியில் வந்து மோதும் காற்றின் நிறை இரண்டு மடங்கு, ஒவ்வொரு கிலோவின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, சேர்ந்தால் எட்டு. ஆனி, ஆடியில் வெறி பிடித்தமாதிரி சுற்றுவதன் கணக்கு இவ்வளவுதான். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டி வைத்துச் சோதிக்கிறது. எஞ்சின் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு எஞ்சினை முன்னால் தள்ளுகிறது. காற்றை உதைத்துத்தான் ராக்கெட் போகிறது என்று எழுதினால் தப்பு. சோதனை மேடையில் எஞ்சின் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. இடப்பெயர்ச்சி பூஜ்யம். அதற்காக அங்கே இருக்கும் விஞ்ஞானிகள் வேலையே செய்யவில்லை என்று எந்தக் கையேடும் கேள்வி போடவில்லை.

நீட்டே வேண்டாம் என்று போராடும் நாம், அதற்கு ஏன் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீட் கூடாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இலிருந்து இருக்கிறது. அந்த இடங்களுக்கும் நீட் எழுதித்தான் போக வேண்டும். போராட்டம் முடியட்டும் என்று காத்திருந்தால் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை என்ன செய்யும்? நீட் நாளைக்கே ஒழிந்தாலும் விசையும் அழுத்தமும் இருக்கும். அவற்றைப் புரிந்துகொள்ளும் உரிமை ஒரு தேர்வோடு ஒட்டியது இல்லை.

தமிழில் எழுதினால் போதுமா என்பது இன்னொரு சிக்கல். 13 மொழிகளில் நீட் நடக்கிறது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை. வினாவுக்கு 4 என்று 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழை செய்தவர்களுக்கு மதிப்பெண் கழிக்க ஏற்பாடு இல்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாகச் சொல்கிறோம். உந்தம், மொமென்டம். நிலைமம், இனர்ஷியா. முடுக்கம், ஆக்சிலரேஷன். தமிழில் புரிந்துகொள், இரண்டிலும் அடையாளம் கண்டுகொள்.

கடைசியாக ஆய்வகம். ஒரு பள்ளியில் எங்கள் பிள்ளைகள் ஆய்வகத்தைக் கூட்டினார்கள், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினார்கள். வெர்னியர் அளவியைக் கையில் எடுத்து அளவு பார்த்தது 'நல்லாப் படிக்கிற' வேறு நாலு பேர். பள்ளியின் பெயரை எழுதவில்லை, எழுதினால் பிள்ளைகள்தான் அனுபவிப்பார்கள். சாதிக் கயிறு கட்டிய கைகள் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்தவர்களே. தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, தேர்வெழுதித் தேறினார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்றெல்லாம் பரிந்துரைத்தது. ஆய்வகத்தில் யார் கையில் கருவி இருக்கிறது என்று பார்க்க ஒரு குழு தேவையில்லை, ஒரு தலைமையாசிரியர் போதும்.

மேக்நாத் சாகாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. 1893-இல் டாக்காவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். தலித் அல்லர், ஆனால் 'தாழ்ந்த சாதி' என்று ஒதுக்கப்பட்டவர். கல்கத்தாவில் மாநிலக் கல்லூரியில் படித்தபோது விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். 1920-இல் விண்மீன்களின் ஒளியை வைத்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க உதவும் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்தவர் அவர். உலகம் முழுக்க இன்றும் அது சாகா சமன்பாடு. கல்கத்தா எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் கேட்டால், சேரன்மாதேவி எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேட்போம். 1920-களில் இதே தாமிரபரணிக் கரையில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட சண்டை அது. பஸ்ஸில் ஏறினால் போய்விடும் தூரம்.

இதைப் படிக்கும் தோழர்களில் இயற்பியல் பட்டப்படிப்பு படிக்கிறவர்கள் இருப்பீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களுக்கு இப்போது மின்னோட்டவியலுக்கும் கதிர் ஒளியியலுக்கும் ஆள் இல்லை. சனிக்கிழமை மாலை நாலு மணி, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். பஸ் கட்டணமும் டீயும் தருவோம். உங்களிடம் பழைய வெர்னியர் அளவியோ திருகு அளவியோ இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பதினேழு பேருக்கு இப்போது ஒன்றுதான் இருக்கிறது.